சித்தப்பா இறைத்த ஹைசுங்

நடந்தவற்றை வரிசையாகச் சொன்னால் இவ்வளவுதான்:

1. பனி கொட்டும் மாரிகாலச் சனிக்கிழமை ஒன்றில், ஜெர்மனியில் எங்கள் ஹனோவர் வீட்டு முன்னறை ஹைசுங், அதாவது சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் இரும்புச் சட்டம், கீழ்ப்பாதி சுட்டது, மேற்பாதி குளிர்ந்தது. உள்ளே களகளவென்று சத்தம் கேட்டது.
2. அப்பா வேலைக்குப் போயிருந்தார். சித்தப்பா அதைத் திருத்தினார்.
3. அதன் பிறகு வீட்டில் எந்த ஹைசுங்கும் வேலை செய்யவில்லை.
4. எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டியதாயிற்று.
5. சித்தப்பா பல்கனிக்குப் போனார்.

ஐந்தாவதற்குத்தான் விளக்கம் தேவை. சித்தப்பாவின் அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. அவர் இருக்க வேண்டிய முகாம் வேறொரு மாநிலத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தைத் தாண்ட அவருக்கு அனுமதி இல்லை. என் தம்பி பிறந்ததைப் பார்க்க, கேட்காமல் ரயில் ஏறி வந்துவிட்டார். யாராவது கண்டு சொன்னால் வழக்கே கெட்டுவிடும் என்று பெரியவர்கள் பயந்தார்கள். இதெல்லாம் நான் பின்னால் அறிந்தது. அன்று எனக்கு எட்டு வயது. சித்தப்பா விருந்தாளி, அவ்வளவுதான்.

தம்பி குறைமாதத்தில் பிறந்தவன். அறையைச் சூடாக வைத்திருக்கும்படி வைத்தியசாலையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால்தான் சித்தப்பா அவசரப்பட்டார். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன சின்னச் சாவியை இழுப்பறையில் தேடி எடுத்து, ஹைசுங்கின் ஓரத்திலிருந்த திருகைத் திறந்தார். முதலில் சீறிக்கொண்டு காற்று வந்தது. பிறகு தண்ணீர் வந்தது. கறுப்பாக வந்தது.

நான் இப்போது வெப்பமூட்டும் அமைப்புகளைத் திட்டமிடும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். தண்ணீர் வந்ததும் திருகை மூடியிருக்க வேண்டும். குழாய்களுக்குள் வருடக்கணக்காக அதே தண்ணீர்தான் சுற்றுகிறது. இரும்பில் பட்டுக் கறுத்துப்போகும், அதனால் குற்றமில்லை. ஆனால் சித்தப்பாவுக்குத் தெரிந்தது கிணறு.

"அண்ணி, இஞ்ச வந்து பாருங்கோ! சாக்கடை! உந்த ஊத்தையை வைச்சுக்கொண்டு எப்பிடிச் சூடு வரும்?"

"தம்பி, சும்மா விடுங்கோ. அவர் வரட்டும்," என்றார் அம்மா சித்தப்பாவிடம்.

"அண்ணை வந்து என்ன செய்யிறது? கிணறு இறைக்கிற மாதிரித்தான். தெளிஞ்ச தண்ணி வருமட்டும் இறைக்கோணும்."

வாளியை வைத்து ஒவ்வொரு அறையாக இறைத்தார். தண்ணீர் தெளியவில்லை. மெலிந்தது, சொட்டியது, நின்றது. "முடிஞ்சுது ஊத்தை," என்று கையைத் துடைத்தார். அந்த நேரம் பார்த்துச் சமையலறைச் சுவரிலிருந்த கொதிகலன் டக்கென்று நின்று சிவப்பு விளக்கைக் காட்டியது. குழாய்களில் தண்ணீர் குறைந்து, அதன் அழுத்தமானியின் முள் பூச்சியத்தில் படுத்திருந்தது.

சித்தப்பா பொத்தான்களை அழுத்திப் பார்த்தார். ஹைசுங்குகளைத் தொட்டுத் தொட்டு நடந்தார். ஒவ்வொன்றாக அவை ஆறிக்கொண்டு போயின. அம்மா தம்பியைச் சால்வைகளால் சுற்றினார். அவன் மூக்கு நுனி சிவந்திருந்தது. அப்பாவின் தொலைபேசி வேலை நேரத்தில் வேலையிடத்துப் பெட்டகத்துக்குள் கிடக்கும். அம்மா எத்தனை தரம் அழைத்தும் பதில் இல்லை.

"நான் வெளிய போறன் அண்ணி. பிறகு வீட்டுக்காரியைக் கூப்பிடுங்கோ."

அம்மா ஜன்னலால் எட்டிப் பார்த்தார். கீழே வாசலில் வீட்டுக்காரி பனி வழித்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டாமல் தெருவுக்குப் போக வழியில்லை. சித்தப்பா காலுறையோடு பல்கனிக் கதவைத் திறந்து வெளியே போனார். அம்மா திரையை இழுத்து மூடினார். வாசலில் கிடந்த அவருடைய சப்பாத்துகளைத் தூக்கிச் சலவை இயந்திரத்துக்குள் போட்டுவிட்டு என் தோளைப் பிடித்தார்.

"ஆர் கேட்டாலும் சித்தப்பா இஞ்ச இல்லை. விளங்குதோ? இல்லை."

அம்மா அப்படிப் பயந்து நான் அதுவரை கண்டதில்லை. வீட்டுக்காரியின் ஹைசுங்கைச் சித்தப்பா உடைத்துவிட்டார், அதற்குப் பொலிஸ் பிடிக்கும் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அம்மா கூப்பிட, வீட்டுக்காரி தண்ணீர்க் குழாயோடு மேலே வந்தார். கொதிகலனை நிரப்பக் குழாயைப் பூட்ட வேண்டிய இடம் சலவை இயந்திரத்துக்குப் பின்னாலிருந்தது. அவர் முழங்காலில் இருந்தார். கண்ணாடிக் கதவுக்குள்ளே பெரிய சப்பாத்துகள், அவர் முகத்துக்கு நேரே. அவர் பார்த்தார். குழாயைப் பூட்டினார். முள் மெதுவாக ஏறியது.

திருகுகளை யார் திறந்தது என்று என்னிடம் கேட்டார்.

"நான்," என்றேன்.

அம்மாவுக்கு அவ்வளவு ஜெர்மன் விளங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அத்தோடு முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. உள்ளே போன காற்றை மறுபடியும் விட வேண்டும் என்று வீட்டுக்காரி அறை அறையாக நடக்கத் தொடங்கினார். முன்னறை ஹைசுங் பல்கனிக் கதவை ஒட்டியிருந்தது. பட்டப்பகலில் ஏன் திரை என்று அவர் கேட்கவில்லை. குனிந்து திருகைத் திறந்து, காற்று சீறி முடியும்வரை காத்திருந்தார். அவருக்கு ஒரு அவசரமும் இல்லை. திரையின் இடைவெளியில் கண்ணாடியில் ஒரு புகைத் திட்டு தோன்றி மறைந்தது, மீண்டும் தோன்றியது. சித்தப்பாவின் மூச்சு. மூச்சு விடாதேங்கோ, மூச்சு விடாதேங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினேன். பிறகு அது தோன்றவே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

போகும்போது வீட்டுக்காரி தம்பியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். நாளைக்கும் முள்ளைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அம்மா பல்கனிக் கதவைத் திறந்து, விறைத்துப்போயிருந்த சித்தப்பாவை உள்ளே இழுத்து இருத்தினார். அம்மா அவர் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்தார். நான் காதோடு சொன்னேன்: "பயப்பிடாதேங்கோ சித்தப்பா. நான்தான் திறந்தனான் எண்டு சொல்லிப்போட்டன். உங்களைப் பிடிக்க மாட்டினம்."

அவர் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் உடம்பு குலுங்கியது. குளிர் என்று நினைத்தேன்.

மறுநாள் விடியவே அவர் பையை எடுத்துக்கொண்டார். நான் அவரைக் கையில் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப்போய் முள்ளைக் காட்டினேன். அது பச்சைக் கோட்டுக்குள் ஒழுங்காக நின்றது. எல்லா ஹைசுங்குகளும் சுட்டன. எல்லாம் திருத்தியாயிற்று, பிறகும் ஏன் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

வீட்டுக்காரி அவரைக் கண்டாரா என்று எங்களுக்குத் தெரியாது. அந்த வருடமே, அகதி முதலில் இறங்கிய நாடே வழக்கைப் பார்க்க வேண்டும் என்ற விதிப்படி, சித்தப்பாவை அவர் முதலில் வந்திறங்கிய இத்தாலிக்குத் திருப்பி அனுப்பினார்கள். இப்போது அங்கே பலெர்மோவில் குடும்பத்தோடு இருக்கிறார். வதிவிட அனுமதி உண்டு. ஜெர்மனிக்கு அவர் எப்போதும் வரலாம். இதுவரை வரவில்லை.