என் கையில் சோதித்த மீசைச் சாயம்

நான் சலூனில் வேலை செய்த காலத்தில் என் இடது முன்கையில் எப்போதும் நாலைந்து கரும்பழுப்புப் பொட்டுகள் இருக்கும். உங்கள் அம்மா புதிதாக வீட்டுக்கு வந்தபோது அவற்றைப் புளி வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. "இதைக் கல்யாணத்துக்கு முன்னாடியே காட்டியிருக்கலாமே" என்றாள். அது தலைச்சாயம், பிள்ளைகளே. அது என் கைக்கு வந்ததையும், அதனால் ஒரு நல்ல மனிதரின் மீசை போனதையும் சொல்கிறேன்.

எங்கள் சலூன் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த கண்டோன்மென்டில், துரைமார் முடி வெட்டிக்கொள்ளும் கடைகளுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. எங்களிடம் வருகிறவர்கள் குமாஸ்தாக்கள், வாத்தியார்கள். சீமையிலிருந்து வரும் சாயப் புட்டியோடு மடித்த தாள் ஒன்று இருக்கும். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அந்தத் தாளைப் படித்து முடித்தேன். சாயம் போட்டுக்கொள்கிறவரின் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவி, ஒரு நாள் கழுவாமல் விட வேண்டும். அரித்தாலோ தடித்தாலோ அவருக்கு அந்தச் சாயம் ஆகாது. இவ்வளவுதான் விஷயம்.

ஆனால் இதை வாடிக்கைக்காரர்களிடம் சொன்னால் கோபம் வந்துவிடும். "நாளைக்கு வா, நாளன்னிக்கு வான்னு சொல்ல இதென்ன தாலுகா கச்சேரியா?" என்பார்கள். ஒருவர், "அவ்ளோ சந்தேகம்னா நீ போட்டுக் காட்டுப்பா" என்றார். போட்டுக் காட்டினேன். மறுநாள் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுவே வழக்கமாகிவிட்டது. புதுப் புட்டி உடைத்ததும் என் கையில் ஒரு பொட்டு. வருகிறவர்கள் என் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் ஏறுவார்கள். முதலாளி, "நம்ம கடையில டெஸ்ட் பண்ணாம போடறதே இல்ல" என்று பெருமையாகச் சொல்வார். நானும் அப்படித்தான் நம்பினேன். என் தோலுக்கு ஒத்துக்கொண்டது ஊருக்கே ஒத்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஒரு குமாஸ்தா வந்தார். நாற்பத்தைந்து வயது, மனைவி இறந்து ஆறு வருஷம். தலை கறுப்பு, மீசை மட்டும் பால் வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் லிங்கராஜபுரத்தில் பெண் பார்க்கப் போகிறார். பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"அக்கா கண்டிஷனா சொல்லிட்டா. இந்த மீசையோட கிளம்பினா அவ என்கூட வரமாட்டாளாம்" என்றார்.

என் கையைப் பார்த்தார். திருப்தி. மீசை கறுப்பானதும் கண்ணாடியில் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், எழுந்திருக்கவே மனமில்லை.

சனிக்கிழமை காலை நான் கடை திறக்கப் போனபோது, அந்தக் குமாஸ்தா துண்டால் வாயை மூடிக்கொண்டு வாசலில் நிற்கிறார். பக்கத்தில் அக்கா. துண்டை எடுத்தார். மேல் உதடு பன் மாதிரி உப்பியிருந்தது. மூக்கு நுனி வரை சிவப்பு, நடுவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள்.

"என்னத்தப்பா தடவித் தொலைச்ச? நாளைக்கு இந்த மூஞ்சிய வெச்சிக்கினு பொண்ணு வீட்டுல எப்படி உக்காருவான்?" என்றாள் அக்கா. அவரும் ஏதோ சொல்ல வந்தார். அந்த உதட்டில் வார்த்தை வரவில்லை.

அதற்குள் வந்து சேர்ந்த முதலாளி, உள்ளே போய்ப் படிகாரக் கட்டியோடு ஓடி வந்தார். எங்களுக்கு எல்லாக் காயத்துக்கும் படிகாரம்தான். "வேணாம் மொதலாளி, இன்னும் எரியும்" என்று தடுத்துவிட்டு, நாலு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். ஆனால் சாயம் மயிரில் ஊறியிருக்கிறதே.

"மீசைய எடுத்துடணும் சார்."

அவர் கண் கலங்கிவிட்டது. பதினெட்டு வயதில் வைத்த மீசையாம். கத்தி வைக்க எனக்குப் பயம். கத்தரியால் ஒட்ட நறுக்கினேன். ஒரு மணி நேரம் ஈரத்துணியை மாற்றி மாற்றி வைத்தேன். எரிச்சல் அடங்கியது. வீக்கம் அடங்கவில்லை.

"நாளைக்குப் போகாம இருந்துட்டா?" என்றார் முதலாளி.

"ஏற்கெனவே ரெண்டு வாட்டி தள்ளிப் போட்டாச்சு. மூணாவது வாட்டின்னா விட்டுடுவாங்க" என்றாள் அக்கா. "இப்படியே போனா பெரிய வியாதின்னு நெனைப்பாங்க. அப்புறம் எவ கட்டிக்குவா இவன?"

உண்மையைச் சொன்னால் நரை வெளியே வரும். சொல்லாவிட்டால் நோயாளி என்ற பேர் வரும். அவர் ஈரத்துணியை இன்னொரு தடவை ஒற்றிக்கொண்டார். பிறகு, "நரையே இருக்கட்டும்" என்று குழறினார். "ஆனா நான் சொன்னா நம்பமாட்டாங்க. நீ வந்து சொல்லு."

மறுநாள் சாயப் புட்டியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நானும் அவர்களோடு ஜட்கா வண்டியில் ஏறினேன்.

பெண்ணின் தகப்பனார் குமாஸ்தாவின் உதட்டைப் பார்த்தார். தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். "மாப்பிள்ளைக்கு உடம்புக்கு என்ன?"

அக்கா என்னை முழங்கையால் இடித்தாள். நான் எழுந்து புட்டியைக் காட்டினேன். "வியாதி இல்லீங்க, சாயம். நான்தான் போட்டேன். மீசை பூரா நரைச்சிருந்ததுங்க."

காப்பித் தட்டோடு வந்த பெண் அதை அப்படியே வைத்துவிட்டு, குமாஸ்தாவின் முகவாயை ஒரு விரலால் ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். சவரத்துக்கு உட்கார்ந்தவர் போல அவரும் அசையாமல் இருந்தார்.

"முன்னாடி தடவிப் பாத்தீங்களா?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டார்.

"பாத்தேன் சிஸ்டர்."

"எங்க?"

சட்டைக் கையைச் சுருட்டிப் பெருமையாகக் காட்டினேன். என் கையைப் பார்த்தார். குமாஸ்தாவின் உதட்டைப் பார்த்தார். மறுபடி என் கையைப் பார்த்தார்.

"அப்ப மாப்பிள்ளை நீங்களா, அவரா?"

முதலில் சிரித்தது அக்காதான். குமாஸ்தாவும் சிரிக்கப் போய், வலியில் உதட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இவருக்கு ஜுரம்னா நான் என் வாயிலயா தெர்மாமீட்டர் வெச்சுக்குவேன்?" என்று கேட்டார் அந்த நர்ஸ். ஒரு ஞாயிறு முழுக்கப் படித்தும் எனக்கு ஏறாதது அந்த நிமிஷத்தில் ஏறியது.

பிறகு குமாஸ்தாவிடம், "ஒரு வாரத்துக்கு வேற எதையும் தடவாதீங்க. இனிமே சாயமே வேணாம். மீசை வளரட்டும், வந்து காட்டுங்க" என்றார்.

"அப்ப சம்மதமாம்மா?" என்றார் தகப்பனார்.

"ஆளோட மீசையப் பாக்காம எப்படிப்பா சொல்றது?"

திங்கட்கிழமை முதல் அவரவர் காதுக்குப் பின்னால்தான் பொட்டு. முணுமுணுத்தவர்களை வேறு கடைக்குப் போகச் சொன்னேன். முதலாளிக்குக் கொஞ்சம் பேஜார். ஆனால் காது தடித்து வந்த ஒரு வாத்தியார் வீங்கின உதட்டின் கதையைக் கேட்டுவிட்டு, எனக்கு ஒரு கும்பிடு போட்டுப் போனார்.

குமாஸ்தா சனிக்கிழமை தவறாமல் வந்தார். வெள்ளை மீசை வாரம் ஒரு நூல் அளவு வளர்ந்தது. இரண்டு மாதம் கழித்து அதோடு லிங்கராஜபுரம் போனார். திரும்பி நேராகச் சலூனுக்குத்தான் வந்தார்.

"என்ன சார் சொன்னாங்க?"

"வர்ற ஞாயித்துக்கிழமை கோயில்ல எங்க கல்யாண ஓலை வாசிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். "இடது பக்கம் கொஞ்சம் கோணலா இருக்காம். உன்கிட்டயே போய்ச் சரிபண்ணிக்கினு வரச் சொன்னா."