துண்டுக்குள் சுழன்ற கட்டைவிரல்கள்

சிங்கப்பெருமாள் கோயில் வரதன் தன் ஆயுசில் கட்டைவிரலைச் சுற்றிய சுற்றையெல்லாம் கயிறாகத் திரித்திருந்தால், மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறையை அதில் கட்டிச் சதுரங்கப்பட்டினம் வரை இழுத்துப் போயிருக்கலாம். ஆனால் மனுஷர் ஒரு குடத்தைக்கூட நகர்த்தியதில்லை. விருப்ப ஓய்வு வாங்கி ஊஞ்சலில் உட்கார்ந்தவர்தான். தண்ணீர் லாரி ஹாரன் அடித்தால் போதும், துண்டை இழுத்து இரண்டு கைகளையும் மூடிக்கொள்வார். கண்ணும் மூடிக்கொள்ளும். ஜபமாம்! ஜபத்தில் இருப்பவரை எழுப்பிப் பாவத்தை யார் கட்டிக்கொள்வது?

உள்ளே நடப்பது மனைவி அமிர்தவல்லிக்கு மட்டும் தெரியும். ஜபம் எண்ண வலக்கை ஒன்று போதும். கட்டைவிரல் அதே கையின் கணுக்களைத் தொட்டுக்கொண்டு போகும். இவரோ இரண்டு கையையும் கோத்து, ஒரு கட்டைவிரலால் இன்னொன்றைத் துரத்திக்கொண்டிருப்பார். செங்கல்பட்டுப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சரான அவள் அதற்கு ஒரு சொல் வைத்திருந்தாள்: ட்விடில். அடுப்படியில் அவள் அதைச் சொல்கிற சூட்டில் அப்பளம் தானாகவே பொரியும்.

தொண்ணூற்றேழில் அவளுக்கு அச்சரப்பாக்கத்தில் ஹெட்மிஸ்டிரஸ் பதவி வந்தது. முன்பு ஒரு முறை வந்ததை, நடமாட முடியாத மாமியாருக்காக வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தாள். இதையும் விட்டால் இனி கிடையாது.

மாசி மகத்துக்குக் குடும்பமே வேனில் மாமல்லபுரம் போயிற்று. தீர்த்தவாரி முடிந்து, மணலில் மாமியாரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துப் புளியோதரை பிரிக்கும்போது அமிர்தவல்லி நாத்தனார் ரோகிணியிடம் ஆரம்பித்தாள்.

"நான் அச்சரப்பாக்கம் போறேன். பகல்ல அம்மாவை உங்கண்ணா பார்த்துக்கட்டும்."

ரோகிணி பாய்ந்தாள். "நன்னாருக்கு மன்னி! நீங்க அங்க அதிகாரம் பண்ண, எங்கண்ணா இங்க கஞ்சி கரைக்கணுமா? ஜபம் பண்ற கை அது!"

வரதனின் துண்டு கைகளின் மேல் ஏறிற்று.

அமிர்தவல்லி எழுந்து போய் அதை உருவினாள். மிச்சத்தைக் கடற்காற்று பார்த்துக்கொண்டது. துண்டு இலங்கையில் கரை ஒதுங்கியது என்பாரும் உண்டு. விரல்கள் நிற்கவில்லை. சேதி அவற்றுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

பக்கத்தில் நின்ற பலூன்காரன் சிரித்தான். "இன்னா சாமி, உள்ள ரங்கராட்டினம் சுத்திகினு கீது!"

"இதுக்கு இங்கிலீஷ்ல ட்விடில்னு பேர், ரோகிணி. வெட்டியா விரலைச் சுத்தறது. எங்கேருந்து வந்த சொல்லுன்னு டிக்‌ஷனரிக்காரனுக்கே நிச்சயமில்லை. சுத்தறதுக்கு ஒரு சொல், நோண்டறதுக்கு ஒரு சொல், ரெண்டும் ஒட்டிப் பிறந்திருக்கலாம்னு ஊகிக்கறான். அது எங்க பிறந்துதோ! இவர் எங்க பிறந்தார்னு தெரியும். அதோ உட்கார்ந்திருக்கா, அவாளையே கேளு."

மாமியார் புளியோதரையை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"பெத்த பாவத்தை என்ன சொல்ல? சுத்தற விரல் கஞ்சியில சுத்தட்டும். நீ போடி."

ஜூனில் அமிர்தவல்லி அச்சரப்பாக்கம் பஸ் ஏறினாள். கட்டியில்லாமல் கஞ்சி கரைக்க வரதன் கற்றுக்கொண்டார். அவர் கரண்டியால் பாத்திரத்தை இடிப்பது ரயில்வே கேட் வரை கேட்கும். மனைவியோடு பேச்சை அடியோடு நிறுத்தினார். அவள் ரிட்டையர் ஆகும்வரை ஒரு வார்த்தை இல்லை.

"அண்ணா மௌன விரதம்" என்று ரோகிணி ஊரெல்லாம் சொன்னாள்.

"இது நிஜ விரதம்தான்" என்றாள் அமிர்தவல்லி. "யாரும் கலைச்சுடாதீங்கோ."