அடைத்த கலயம்

ஐம்பதுகளில் நான் ஆரம்பாக்கத்தில் பள்ளி வாத்தியார். அங்கே ரயில்வே கேட்மேன் ஒருவர் லவ் பேர்ட்ஸ் வளர்த்தார். நரைத்த கிருதா, அக்குளில் எப்போதும் சுருட்டிய பச்சைக்கொடி. கூண்டுக்குள் அவர் விரல் விட்டு நான் பார்த்ததில்லை. நான்கடி தள்ளி நின்றுதான் பார்ப்பார்.

அவரைப் பார்த்து நானும் ஒரு ஜோடி வாங்கினேன். நான் அவசரக்காரன். பருவம் வராத சின்னப் பெட்டைக்கு முட்டையிடக் கலயம் கட்டினேன்; முட்டை வெளியே வராமல் பெட்டை செத்தே போயிற்று. அடுத்த ஜோடியை வாங்கியதும் அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

"பெட்டைக்கு மூக்குத்தோல் காப்பி நிறமாயிடுச்சே, பருவம் வந்தாச்சு. கலயம் கட்டலாமா?"

"மூக்கு சொன்னா ஆச்சா சார்? அது சொல்லணுமே."

கலயத்தின் வாயை முருங்கைக் கட்டையால் அடைத்துக் கொடுத்தார். "மனசு வந்தா அதுவே கொறிச்சிக்கினு உள்ள பூடும். நீங்க தொறந்து வுட்டுடாதீங்க."

பதினோரு நாள் ஆண் பாடித் தீர்த்தது. பெட்டை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் நாள் கூண்டெல்லாம் மரத்தூள். அப்புறம் நாலு குஞ்சு, நாலும் பிழைத்தன.

அதைச் சொல்லப் போனபோது என் தங்கையின் கல்யாணப் பத்திரிகையையும் கொடுத்தேன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"தங்கச்சிக்கு இஷ்டந்தானே சார்?"

"நல்ல இடம். பையன் மெட்ராஸில் குமாஸ்தா," என்றேன்.

வண்டி வரும் நேரம். தலையாட்டிவிட்டுப் போய் கேட்டை மூடினார். அவர் கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை என்பது, மூடிய கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.