பத்தொன்பது ஒன்றுகள்

மீனம்பாளின் அப்பா இளையபெருமாள் செஞ்சியில் மல்லாட்டை மண்டிக் கணக்குப்பிள்ளை; வேர்க்கடலை மூட்டைகளின் வரவுசெலவு அவர் கையில். அவரை நல்லவர் என்று சொல்லாத ஆள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அறுபத்து மூன்றில் நானும் மீனம்பாளும் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தோம். கணக்கில் பள்ளிக்கே அவள்தான் முதல். கடலூரில் காலேஜில் சேர வேண்டும் என்று ஒரே பிடிவாதம். தலைமை ஆசிரியரே வீட்டுக்கு வந்து அவளுக்காகப் பேசினார். அவர் முகத்துக்கு நேரே முடியாது என்றால் பேர் கெட்டுப்போகுமே. இளையபெருமாள் இரண்டு நாள் யோசிக்க வேண்டும் என்றார். பிறகு மகளைக் கூப்பிட்டு, சிலேட்டில் பத்தொன்பது ஒன்றுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தார்.

"இதை மீதியில்லாம வகுக்கிற நம்பர் ஒண்ணைக் கண்டுபுடி. ஒண்ணும் இதே நம்பரும் ஆவாது. அடுத்த வருஷம் காலேஜ் தொறக்கறதுக்குள்ள கண்டுபுடிச்சிட்டா நானே பஸ் ஏத்தி வுடறேன். இல்லன்னா கல்யாணம்."

எப்பேர்ப்பட்ட தகப்பன் என்று தெருவே மெச்சியது. மீனம்பாளுக்கும் சந்தோஷம். இவ்வளவு பெரிய எண்ணை வகுக்க ஒரு எண்கூடவா இருக்காது என்று நினைத்தாள்.

மூன்றால் வகுத்தாள், மீதி ஒன்று. ஏழு, பதினொன்று, பதின்மூன்று, இவற்றிலும் மீதி ஒன்று. நூற்றுப் பதினொன்றில் முப்பத்தேழு சரியாகப் போகும் என்பதால் ஒன்றுகளை மும்மூன்றாகப் பிரித்துப் பார்த்தாள். ஆறு கட்டும் போனது, கடைசியில் ஒரே ஒரு ஒன்று நின்றது. "அது மட்டும் இல்லாம இருந்தா நான் இந்நேரம் கடலூர்ல இருப்பேன்டி" என்று என்னிடம் சிரித்தாள். அப்புறம் நூறுகள், ஆயிரங்கள். சோறு கொதிக்கிற நேரத்தில்கூட மடியில் சிலேட்டு இருக்கும்.

மாசியில் ஒரு நாள் மூச்சிரைக்க என் வீட்டுக்கு ஓடிவந்தாள். ஓர் ஐந்திலக்க எண்ணில் மீதியே வரவில்லை. அப்பாவிடம் கற்ற மண்டி வழக்கப்படி சரிபார்த்தும் இருந்தாள். இலக்கங்களைக் கூட்டி, ஒன்பது ஒன்பதாகத் தள்ளி, பெருக்கும் பக்கமும் விடைப் பக்கமும் ஒரே எண் மிஞ்சினால் கணக்கு சரி. மிஞ்சியது. மண்டியின் மூட்டைக் கணக்கெல்லாம் இந்தச் சோதனையில்தான் ஓடியது. இளையபெருமாள் அதற்கு மேல் எதையும் பார்த்தவரில்லை.

அன்று பார்த்தார். சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு, அவள் வகுத்த எண்ணையும் கிடைத்த ஈவையும் முழுசாகப் பெருக்கினார். ஒன்றுகளுக்கு நடுவே வேறு இலக்கங்கள் வந்தன. வகுக்கும்போது ஓரிடத்தில் அவள் முப்பத்தாறை அறுபத்து மூன்று என்று மாற்றி எழுதியிருந்தாள். இலக்கம் இடம் மாறினால் கூட்டல் மாறாது, அதனால் ஒன்பது சோதனையில் அது சிக்கவில்லை. "பாத்துப் போடும்மா" என்று பரிவாகச் சொன்னார். அந்தப் பரிவை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனியில் காலேஜ் திறந்தது. அவளுக்கு அவலூர்பேட்டை மாப்பிள்ளையோடு கல்யாணம் நடந்தது. அவள் அழவில்லை. "எனக்கு அவ்ளோதான் அறிவு" என்றாள். அடுத்த வருஷம் தம்பி ஆதிமூலம் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறினான். அவனுக்கு எந்த எண்ணும் எழுதிக் கொடுக்கவில்லை. காலேஜுக்குக் கொண்டுபோகப் புதுப் பெட்டிதான் வாங்கிக் கொடுத்தார்.

மீனம்பாள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது பார்க்கப் போனேன். ஆதிமூலமும் லீவில் வந்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "அக்கா, நீ போட்டுக்கினு இருந்தியே பத்தொம்பது ஒண்ணு, அதை எங்க லெக்சரர் போர்டுல எழுதினாரு. அது பகா எண்ணாம். எதுவுமே அதை வகுக்காதாம். ரொம்ப நாளைக்கு முன்னயே கண்டுபுடிச்சிட்டாங்களாம்."

மீனம்பாள் அப்பாவைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா நைனா?"

"தெரியாம குடுப்பனா? வகுபடாத நம்பரா பெருசா ஒண்ணு குடுங்கன்னு ஐஸ்கூல் சர்தார் வாத்தியார்கிட்ட கேட்டு வாங்கினேன்" என்றார். குரலில் கூச்சமே இல்லை.

"வேணாம்னே சொல்லிருக்கலாமே நைனா. இத்தினி நாளா எனக்குத்தான் அறிவில்லன்னு நெனச்சிக்கினு இருந்தேனே."

"அப்பிடி நெனச்சதாலதான அழாம மணையில உக்காந்த" என்றார் இளையபெருமாள். மோர் ஊற்றச் சொல்லித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் ஊற்றினாள்.