மேனேஜருக்குப் புதுக் கை

ஜெராக்ஸ் அக்காவுக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. அது அடையாள அட்டையோடு சரி. பத்தொன்பது வருடமாக நகலெடுக்கும் கடை நடத்துகிறவளைத் தெரு முழுக்க அப்படித்தான் கூப்பிட்டது. கல்யாணம் ஒன்று நடந்து இரண்டே வருடத்தில் முறிந்துபோயிருந்தது. அந்தப் பேச்சை யார் எடுத்தாலும் "எத்தனை காப்பி வேணும்?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள். கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. அதில் அவளும் மேனேஜரும்.

மேனேஜர் ஒரு கிளி. சாம்பல் நிற உடம்பு, வால் மட்டும் சிவப்பு. மெஷின் மேல் ஏறிக்கொண்டு முன்னும் பின்னும் நடப்பதும், வருகிறவர்களை ஏற இறங்கப் பார்ப்பதுமாக இருந்ததால் அந்தப் பதவி தானாகவே கிடைத்துவிட்டது. இறகு சரியாக முளைக்காத குஞ்சாக வந்தபோது நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் வெதுவெதுப்பான கூழைக் கரண்டியில் ஊட்டி வளர்த்தவள் அவள். கையில் ஏறப் பழக்குவதற்கு முன்னால் ஒரு மாதம் கூண்டுக்குள் கையை வைத்து, அசையாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். மனிதக் கை எதையும் பிடுங்காது என்று அதற்குத் தெரியவேண்டுமாம். பெற்ற பிள்ளைக்கே இவ்வளவு பொறுமை யார் காட்டுகிறார்கள்? தினமும் காலையில் சமையலறைத் தராசில் ஏற்றி எடை பார்ப்பாள். பதினோரு வருடம் இப்படி ஓடியது.

ஒரு நாள் மேனேஜர் இரும ஆரம்பித்தது. வறட்டு இருமல், விடாமல். இவளுக்கு ஈரக்குலை நடுங்கிப்போயிற்று. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பறவை வைத்தியரிடம் ஓடினாள். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, கிளி திடகாத்திரமாக இருக்கிறது, யாரையோ பார்த்துத்தான் இருமுகிறது, வீட்டில் யாருக்கு இருமல் என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் அவளுக்கே இருமல் வந்துவிட்டது.

மெஷின் தூளால் வருகிற இருமல் என்றுதான் இரண்டு வருடமாக அதைத் தள்ளிப்போட்டு வந்தாள். நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டர் வேறு சொன்னார். இந்தக் கிளியின் இறகிலிருந்து மாவு போல வெள்ளைத் தூள் உதிரும். அது போய்ப் போய் அவள் நுரையீரலில் தழும்பு விழுந்திருந்தது. முகமூடி போட்டுக்கொள்கிறேன், அதைத் தினமும் குளிப்பாட்டுகிறேன், பின்கட்டில் வைக்கிறேன் என்று அவள் மன்றாடினாள். டாக்டர் கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலத் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். கிளி போகவேண்டும். இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் படி ஏறக்கூட மூச்சு இருக்காது.

சரி, யாரிடமாவது கொடுத்துவிடலாமே என்பீர்கள். அவளும் ஒரு தரம் கொடுத்துப் பார்த்தவள்தான். கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் போனபோது நான்கு நாள் சித்தி மகள் வீட்டில் விட்டிருந்தாள். வந்து பார்த்தால், மேனேஜர் ஒரு பருக்கை தின்னாமல், தன் மார்பு இறகைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு வெற்று மார்போடு உட்கார்ந்திருந்தது. தன் கையை விட்டால் அது செத்துப்போகும். தன்னோடு வைத்துக்கொண்டால் தான் சாகவேண்டும். என்ன செய்வாள் மனுஷி?

கடைசியில் முன்வந்தது அண்ணன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், மூக்குக்கு மேல் கோபம். மேனேஜர் ஒருமுறை காதைக் கடித்ததிலிருந்து அவருக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். அவர்தான் வந்து, "எங்கிட்ட குடு. அந்த ரவுடிப் பயலை நான் பாத்துக்கறேன்" என்றார்.

பாடத்தை வகுத்தவள் அவளேதான். இனிமேல் சூரியகாந்தி விதை அண்ணன் கையில் மட்டும். அவள் அதே அறையில், முகமூடியோடு, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது கூப்பிட்டால் திரும்பக்கூடாது, பதில் பேசக்கூடாது. அவளால் இனி எந்தப் பிரயோஜனமும் இல்லை என்பதை அந்த ஜீவன் கற்றுக்கொள்ளவேண்டும். கரண்டியில் ஊட்டி வளர்த்தவள் இதையும் கற்றுக்கொடுக்கவேண்டியிருந்தது.

அண்ணன் தினமும் சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். என்ன பேசுவது என்று தெரியாமல், அன்றைக்கு ரோட்டில் குறுக்கே வந்தவனையெல்லாம் கிளியிடம் திட்டித் தீர்ப்பார். எட்டாம் நாள் மேனேஜர் அவர் விரலிலிருந்து ஒரு விதையை வெடுக்கென்று பிடுங்கியது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்பதாம் நாள் அவள் தவறு செய்தாள். காலையிலிருந்து அது கூப்பிடவே இல்லை. கூண்டின் தரையில், ஒரு மூலையில், உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த மௌனத்தை அவளால் தாங்க முடியவில்லை. கதவைத் திறந்து, கையில் ஏற்றி, ஒரு வாதுமைப் பருப்பைக் கொடுத்தாள். அது தின்றுவிட்டுத் தலையைக் குனிந்து சொறியச் சொன்னது. அரை மணி நேரம் சொறிந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் அண்ணன் விரல் கிழிந்து ரத்தம் கொட்டியது. அதற்கப்புறம் அவர் நீட்டிய எதையும் அது தொடவில்லை. தட்டில் வைத்ததைக் கொறித்ததோடு சரி. நானூற்று இருபது கிராம் இருந்தது முந்நூற்று அறுபதுக்கு இறங்கியது. இன்னும் இருபது இறங்கினால் பிழைக்காது என்றார் பறவை வைத்தியர். அண்ணன் வழக்கம்போல் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை.

"நீ ஒரு தடவை பாசம் காட்டினா அது நாள்கணக்கா பட்டினி கிடக்குது" என்றார். "உன்னால முடியலன்னா சொல்லிடு, நிறுத்திடலாம்."

அவள் நிறுத்தவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். மேனேஜர் அவள் முதுகைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த வார்த்தையெல்லாம் சொல்லிப் பார்த்தது. வாடிக்கையாளரிடம் அவள் பேசுவது போல் பேசிக் காட்டியது. கெஞ்சுவது என்றால் அதுதான் கெஞ்சல். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினேழாம் நாள் ஒரு விதை. பத்தொன்பதாம் நாள் ஐந்து. இருபத்துமூன்றாம் நாள் மேனேஜர் ஒரு காலைத் தூக்கி, யோசித்து, அண்ணனின் கட்டுப்போட்ட விரல்மேல் வைத்தது. அடுத்த காலையும் வைத்தது. சரியாகச் செய்த அந்த நொடியிலேயே பாராட்டவேண்டும், தாமதித்தால் எதற்கென்று அதற்குப் புரியாது. அண்ணன் "ஏறிடுச்சு, ஏறிடுச்சு" என்று முணுமுணுத்தாரே தவிர, பாராட்ட மறந்துவிட்டார். வேறு வழியில்லாமல் அவள்தான் சொன்னாள், சுவரைப் பார்த்தபடியே.

"சமத்து."

மேனேஜர் அண்ணன் கையில் இருந்த பருப்பை நிதானமாக உடைத்துத் தின்னும் சத்தம் கேட்டது. மூன்று வாரமாக இதற்காகத்தான் ஏங்கினாள். அது கேட்டும் அவள் திரும்பவில்லை, தொடைக்கு அடியில் இருந்த கைகளை இன்னும் அழுத்திக்கொண்டாள்.

இன்னும் ஒரு வாரம் அது அண்ணன் கையால் வயிறாரத் தின்று, எடை தேறிய பிறகு, கூண்டை வேனில் ஏற்றினார்கள். ஜன்னல் ஓரத்து இருக்கை. அண்ணன் திரும்பி வந்து வாசலில் நின்று, தினம் சாயங்காலம் போன் போடட்டுமா, இரண்டு வார்த்தை அதனிடம் பேசுகிறாயா என்று கேட்டார்.

"வேணாம்ணே. என் குரல் கேட்டா மறுபடி சாப்பாட்டை நிறுத்திடும்" என்றாள். "அதைப் பொறுத்தவரைக்கும் நான் செத்துட்டேன்னு வச்சுக்கோ."

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அவள் கதவைச் சாத்தினாள். வேன் உடனே கிளம்பவில்லை. அண்ணன் உள்ளே கூண்டை எதனோடோ சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார், மேனேஜரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். இப்போது அழுதால் அதற்குக் கேட்கும். கேட்டால் கூப்பிடும். அவள் துண்டை வாயில் திணித்துக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றாள். வண்டி கிளம்பி, தெருமுனையில் திரும்பி, சத்தம் முழுக்க ஓய்ந்த பிறகு துண்டை எடுத்தாள்.

அதற்கப்புறம்தான் அழுதாள்.