அக்கரைக்குத் தெரிகிற நிறம்

உலகச் சண்டை முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் கிளம்பியபோது விட்டுப்போன லொறிகளில் ஒன்றை என் மாமா ஏலத்தில் எடுத்தார். குருக்கள்மடத்தில் எங்கள் வளவுக்குள் அதைக் கொண்டுவந்து நிறுத்தியதும் முதலில் முகம் சுளித்தவள் நான்தான். பளபளப்பு மருந்துக்கும் இல்லாத ஒரு பச்சை. எதிரி விமானத்தின் கண்ணில் படக்கூடாதென்று பார்த்துப் பார்த்துப் பூசிய நிறமாம். தென்னைகளுக்குக் கீழே நிறுத்தினால் லொறி உண்மையாகவே காணாமற் போய்விடும். ஒருநாள் எங்கள் மாடே அதில் போய் முட்டிக்கொண்டு, வெட்கப்பட்டதுபோல் திரும்பி வந்தது.

ஒளிந்துகொள்வதற்கென்றே பூசிய அந்தப் பச்சையைச் சுரண்டி எறிந்துவிட்டு, கண்ணில் படுகிற நிறமாகப் பூசவேண்டும் என்று மாமா ஒற்றைக் காலில் நின்றார். யாருடைய கண்ணில் படவேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எட்டு வயதான என்னைத் தவிர.

மாமா அம்மாவின் தம்பி. லொறி வாங்குவதற்கு முந்திய வெள்ளாமைக்கு, எங்கள் ஊரை ஒட்டிய வாவியின் அந்தப் பக்கம், அம்பிளாந்துறையில் ஒரு போடியாரிடம் நெல் ஏற்றப் போனார். போடியார் என்றால் வட்டை வட்டையாக வயல் வைத்திருக்கிற பெரிய மனிதர். அவருடைய மகளின் கையால் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்த நாள் முதல், எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் மாமாவுக்கு உப்புக் கரித்தது என்று அம்மா பின்னாளில் சொல்லிச் சிரிப்பார்.

அப்படியானால் போய்ப் பெண் கேட்கவேண்டியதுதானே என்று வெளியூரார் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். மாப்பிள்ளை வீட்டார் போய் நின்றால் ஊர் வயிறு வலிக்கச் சிரிக்கும். அந்தப் போடியாரோ சித்தாண்டியில் வயலும் மாடுமாக இருக்கிற ஒருவரைக் கேட்கப் போகிறார் என்று கதை அடிபட்டது. பாவம் மாமா, கேட்கவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. அவரால் செய்யக்கூடியது கண்ணில் படுவது ஒன்றுதான். அக்கரை நெல் பின்னேரங்களில் வள்ளத்தில் வந்து எங்கள் துறையில் இறங்கும். லொறி அங்கேதான் காத்து நிற்கும்.

நிறம் பூச, காத்தான்குடியிலிருந்து ஒரு நானா வந்தார். நானா என்றால் முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். வள்ளங்களுக்கும் கடைக் கதவுகளுக்கும் பூசிப் பழகியவர்.

"நீலம் அடிப்பம் தம்பி. நீலம்தான் நல்ல நிறம்," என்றார்.

அவரிடம் நிறையக் கிடந்தது நீலம் என்பது பிறகுதான் தெரிந்தது. மாமா மசியவில்லை. பழைய பூச்சின் மேல் பூசினால் புதுப்பூச்சு பாலாடைபோலச் சுருங்கிக் கழன்றுவிடும் என்று நானா சொன்னதால் இருவருமாகச் சுரண்டினார்கள், உரசினார்கள். தகரம் வெளுத்ததும் மாமா ஒரு புதுமை செய்தார். லொறியின் ஒரு பக்கத்தை நான்காகப் பிரித்து நீலம், வெள்ளை, சிவப்பு, மஞ்சள் என்று பட்டை பட்டையாகப் பூசச் சொன்னார்.

நானா தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். "என்ன தம்பி இது, லொறியா, எங்கட ஊரில உடுக்கிற பட்டைச் சாறனா?"

அந்தச் சாறனைத் துறையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மாமா என்னைப் பாதையில் ஏற்றினார். பாதை என்பது எங்களூரில் தெருவல்ல. வள்ளங்களைச் சேர்த்துப் பலகை அடித்து, கம்பால் ஊன்றி ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவை. பாதைக்காரர் எங்களுக்குச் சொந்தம் என்பதால் அம்மாவும் மறுக்கவில்லை.

"அங்கால துறையில நிண்டு பாரு புள்ள. எந்த நிறம் நல்லாத் தெரியுதெண்டு வந்து சொல்லு."

"நெல்லு ஏத்துறது இஞ்சாலதானே மாமா? ஏன் அங்கால நிண்டு பாக்கணும்?"

"லொறி எண்டா நாலு பேருக்குத் தெரியவேணும்," என்றார் மாமா. அவர் ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. வந்திருந்தால், கேட்கப் போனதாக ஆகியிருக்கும்.

அக்கரையில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். பின்னேர வெயில் என் முதுகுப் பக்கமிருந்து நேரே எங்கள் துறையில் விழுந்தது. நீலத்தைக் காணவே காணோம், வாவியோடு வாவியாகிவிட்டது. வெள்ளை, கரையில் மேய்ந்த கொக்குக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டது. சிவப்பும் மஞ்சளும் மட்டும் நின்றன. எனக்குச் சிவப்புதான் பிடித்தது.

பக்கத்தில் ஒரு அக்கா வந்து நின்றார். பச்சைச் சேலை, இடுப்பில் வெறுங்குடம்.

"ஆரு புள்ள நீ? இஞ்ச என்ன பாக்குறாய்?"

"நான் லொறிக்கார மாமாட மருமகள். பெயின்ற் பாக்குறன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சிரிப்பு அடங்கி, எங்கள் கரையையே பார்த்துக்கொண்டு நின்றார். குடத்தை நிரப்புகிற எண்ணமே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"மஞ்சளெண்டு போய்ச் சொல்லு," என்றார்.

"சிவப்புத்தானே வடிவு?"

"பொழுதுபட்டா சிவப்புக் கறுத்துப் போகும். மஞ்சள் இருட்டுமட்டும் தெரியும். நான் நாளும் நெடுகப் பாக்குறனான்தானே."

ஊர் திரும்பி நடந்ததைச் சொன்னேன். மாமா திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். அக்கா என்ன சேலை உடுத்திருந்தார், சிரித்துக்கொண்டா சொன்னார் என்றெல்லாம் கேட்டார். பெயின்றுக்கும் சேலைக்கும் என்ன தொடர்பென்று எனக்கு விளங்கவில்லை. "பச்சைச் சேலை. உங்கட பழைய லொறி மாதிரி," என்றேன். அடுப்படியிலிருந்த அம்மா, "மஞ்சளெண்டோ சொன்னவ?" என்று எழுந்து வந்து, கேளாமலே எனக்கு ஒரு கோப்பை எருமைத் தயிர் தந்தார். அன்று எல்லோரும் கொஞ்சம் கழன்றவர்கள்போலத்தான் நடந்துகொண்டார்கள்.

நானாவும் முணுமுணுத்துக்கொண்டே டவுனுக்குப் போய் மஞ்சள் வாங்கிவந்தார். பூசி முடித்ததும் லொறி பூசணிப்பூ நிறத்தில் நின்றது. பின்னேரம் தவறாமல் மாமா அதைத் துறைக்குக் கொண்டுபோனார், நெல் வராத நாளிலும்.

அப்படிச் சில நாள் போயிருக்கும். ஒரு காலை, மாமா துறையில் லொறியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாளி பிடித்துக்கொண்டிருந்தேன். பாதையில் போடியார் வந்து இறங்கினார். சேதி கேட்டு அம்மாவும் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

போடியார் யாரோடும் பேசாமல் லொறியை ஒரு சுற்றுச் சுற்றினார். கதவை நகத்தால் கீறிப் பார்த்தார். பச்சை தெரியவில்லை.

"பின்னேரமானா என்ட வீட்டுல விளக்கு வைக்க ஆளில்ல," என்றார். "மகள் துறையே கதியெண்டு கிடக்கிறா. ஆரு இந்த நிறத்தத் தெரிவு செஞ்சது?"

மாமா கழுவிய கதவையே திரும்பவும் கழுவத் தொடங்கினார். சித்தாண்டிக் கதையும் அவருடைய கதையும் அந்தப் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது எனக்கெப்படித் தெரியும்? பதில் தெரிந்த பெருமையோடு நான் முந்திக்கொண்டேன்.

"அங்கால துறையில நிண்ட அக்காதான்!"

அம்மா என் முதுகில் கிள்ளினார்.

"அவ என்ன சொன்னவ?" என்று போடியார் என் பக்கம் குனிந்து கேட்டார். சிவப்புக் கறுத்துப் போகும் என்றதையும், இருட்டும்வரை மஞ்சள் தெரியும் என்றதையும், நெடுகப் பார்ப்பதாகச் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன்.

போடியார் நிமிர்ந்து தன் கரைப் பக்கம் திரும்பினார். காலை வெயில் அந்தக் கரையில்தான் விழும். அம்பிளாந்துறைத் துறையில், பச்சை மரங்களுக்கு முன்னால், ஒரு சின்ன மஞ்சள் பொட்டு அசையாமல் நின்றது. பிறகு அம்மாவிடம், "தங்கச்சி, நல்ல நாளொண்டு பாத்து நாங்க வாறம்," என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மாமா லொறியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒருவர் வருகிறேன் என்பதற்கு ஏன் அழவேண்டும்? எனக்கு அந்த மஞ்சள் பொட்டுத்தான் முக்கியமாகப் பட்டது. அந்தக் கரையிலும் யாரோ லொறி வாங்கி நிறம் பூசிப் பார்க்கிறார்கள், பாவம், இங்கிருந்து சொல்ல அவர்களுக்கு ஆளில்லை.

"மாமா, அங்கால மஞ்சள் நல்லாத் தெரியுதெண்டு போய்ச் சொல்லிட்டு வரட்டா?" என்று கேட்டேன்.

பாதையில் ஒரு காலை வைத்த போடியார் திரும்பிப் பார்த்தார்.

"வேணாம் புள்ள, நானே போய் அவவிட்டச் சொல்லுறன்."

என் வேலையை அவர் தட்டிப் பறித்துக்கொண்டு போய்விட்டார் என்று அன்று முழுவதும் எனக்குக் கோபம்.