ஓட்டை வாய்க்காரரின் கடவுச்சொல்

என் அத்தானுக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். முடி வெட்டும் கடை வைத்திருக்கிறார். கத்தரிக்கோல் ஓய்ந்தாலும் வாய் ஓயாது. நாற்காலியில் உட்கார்ந்தவர் கழுத்தில் துணியைக் கட்டிவிட்டால் போதும், தன் மூல வியாதியிலிருந்து என் சம்பளம் வரைக்கும் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிடுவார்.

அவரைக் கட்டிக்கொண்ட புண்ணியவதி என் அக்கா. நர்ஸ். கடல் தாண்டிப் போய்ப் பல வருஷம் வேலை பார்த்தாள். அங்கிருந்து அத்தானுக்கு வாரம் தவறாமல் மெயில் எழுதுவாள். திரும்பி வந்தவள் கொஞ்ச நாள்கூட நிம்மதியாக இருக்கவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் எழுதியதெல்லாம் அந்த மெயிலில்தான் இருக்கிறது. கடையைச் சாத்தியதும் அத்தான் உட்கார்ந்து அதில் ஒன்றிரண்டைப் படிப்பார்.

அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கையில் நுரையும் சவரக்கத்தியுமாக இருக்கும்போது போன் அடித்தால், நாற்காலியில் இருப்பவர்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட வேண்டும். வரும் செய்தியை வாசித்துச் சொல்வதும் அவர் பொறுப்பு. ஒரு நாள் அப்படி மாட்டியவர் ஓய்வுபெற்ற வாத்தியார். மெயில் கம்பெனியிலிருந்து பேசுவதாக ஒருவன் தேன் ஒழுகப் பேசினான். உங்கள் கணக்கை யாரோ திருடப் பார்க்கிறார்கள், காப்பாற்றித் தருகிறோம், இப்போது ஒரு எண் வரும், சொல்லுங்கள் என்றான். அத்தான் பதறிப்போய் வாசிக்கச் சொன்னார். வாத்தியார் பாதிக் கன்னத்தில் நுரையோடு, வகுப்பில் டிக்டேஷன் கொடுப்பதுபோல நிறுத்தி நிதானமாக இரண்டு தடவை வாசித்தார். திருடன் நன்றி சொல்லிவிட்டு வைத்தானாம். அதற்கப்புறம் மெயில் திறக்கவில்லை.

அத்தான் நுரைக் கையோடு என் அலுவலகத்துக்கு ஓடி வந்தார். "மாப்ள, உங்க அக்காவ எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்" என்றார். என் மேலதிகாரி எழுந்தே நின்றுவிட்டார்.

நல்லவேளை, அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தபோது, ஆபத்துக்கு உதவட்டும் என்று என் மெயில் முகவரியையும் சேர்த்துவைத்திருந்தேன். அது வழியாக மீட்கப் பார்த்தேன். முடியும் வரைக்கும் அத்தான் நுரைக் கையைத் துடைக்கக்கூட மறந்து திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவழியாகக் கணக்கு கைக்கு வந்தது. அக்கா எழுதியதெல்லாம் அப்படியே இருந்தது. எனக்கே கண் கலங்கிவிட்டது. கலங்கிய வேகத்தில் அவரைப் பிடித்துத் திட்டித் தீர்த்தேன். கம்பெனிக்காரன் எவனும் கூப்பிட்டு எண் கேட்க மாட்டான், வரும் எண்ணைப் பெற்ற தாய் கேட்டாலும் சொல்லக் கூடாது, கடவுச்சொல்லை என்னிடம்கூடச் சொல்லக் கூடாது என்றேன். பூம்பூம் மாடுபோலத் தலையை ஆட்டினார்.

புதுக் கடவுச்சொல் வைத்துக்கொண்டார். மறுநாளே கறிக்கடைக்காரர் எடை போட்டபடி, "உங்க அத்தான் வச்ச பாஸ்வேர்டு நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் நீளமா வச்சிருக்கலாம்" என்றார். தலையில் அடித்துக்கொண்டு, போய் மாற்றவைத்தேன். அடுத்ததை, யாரிடமும் சொல்லாதே என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறார். எவ்வளவு சாமர்த்தியமாக யோசித்து வைத்தோம் என்ற பெருமை, பாவம், அடக்க முடியவில்லை.

நேரே கடைக்குப் போனேன். "இன்னொரு தடவ எவனாவது உள்ள வந்தா எல்லாத்தையும் அழிச்சுட்டுப் போயிருவான், அத்தான். அக்கா எழுதினது ஒண்ணும் மிஞ்சாது. உங்க வாயிலேருந்து இதுவரைக்கும் வெளிய வராத விஷயம்னு ஏதாவது இருக்கா?"

அத்தான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு என்னைத் திரும்பி உட்காரச் சொன்னார். அந்தக் கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடிதான். கடைசியில் ஈரத் துண்டு ஒன்றை எடுத்து என் முகத்தை மூடிவிட்டுப் போனில் தட்ட ஆரம்பித்தார். நீளமாக இருக்கட்டும் என்று துண்டுக்குள்ளிருந்தே கத்தினேன்.

"அவ நீளமாத்தான் கூப்பிடுவா" என்றார்.

அதாவது, தனியாக இருக்கும்போது அக்கா அவரை அழைத்த செல்லப்பெயர்தான் புதுக் கடவுச்சொல். தெரு முழுக்கக் கேட்டுப் பார்த்துவிட்டது. வாத்தியார் கேட்டார், கறிக்கடைக்காரர் எலும்பில்லாத கறியாகத் தந்து கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கூடப் பிறந்தவனாயிற்றே என்று நானும் கெஞ்சினேன்.

"அதையும் சொல்லிட்டா, அப்புறம் அவகிட்ட எனக்குன்னு என்ன இருக்கு மாப்ள?" என்றார்.